பயம் பிடித்த ராத்திரிக்கு எந்த வேதாகமம்? தமிழ்ப் பதிப்புகளும் செயலியும்: ஒரு மதிப்பீடு

ஆட்குறைப்புக் கடிதம் வந்த வாரம். ஸ்கேன் முடிவுக்குக் காத்திருக்கும் நாட்கள். வேலை அனுமதி புதுப்பிக்கப்படுமா என்று தெரியாத மாதம். ஞாயிறு ஆராதனையில் பக்கத்தில் நாலு பேர் சேர்ந்து ஜெபிக்கும்போது கையில் எந்த வேதாகமம் இருந்தாலும் ஒன்றுதான். சோதனை வருவது ராத்திரி 3 மணிக்கு: மருத்துவமனை வார்டில் விளக்கு அணைத்த பிறகு, பல பேர் படுத்திருக்கும் ஊழியர் விடுதியின் மேல்கட்டிலில், பிள்ளைகள் எழுந்துவிடக் கூடாதே என்று சிங்கப்பூரின் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டுச் சமையலறையில் தனியாக உட்கார்ந்திருக்கும்போது. அந்த நேரத்துக்கு எது கைகொடுக்கும், எது காலை வாரும் என்று மட்டுமே இங்கே பார்க்கிறோம். தோல் உறை, பொன் விளிம்பு, வண்ண வரைபடம் பற்றிப் பேச்சில்லை.

அளவுகோல் ஒன்றுதான். பயந்துபோன ஒருவர் ஒரு சங்கீதத்தை, அதாவது வேதாகமத்திலுள்ள 150 ஜெபப் பாடல்களில் ஒன்றை, முதல் வசனத்திலிருந்து கடைசி வசனம் வரை, தட்டுத் தடுமாறாமல், வாய்விட்டுப் படிக்க முடிகிறதா? ஒரே ஒரு வசனம் போதாதா என்றால், போதாது. 13-ஆம் சங்கீதம் மொத்தமே ஆறு வசனம். முதல் இரண்டு வசனங்களில் ‘எதுவரைக்கும்’ என்று நான்கு முறை முறையிடுகிறார் தாவீது. 5-ஆம் வசனத்தில்தான் நம்பிக்கைக்குத் திரும்புகிறார். அட்டைகளிலும் வாட்ஸ்அப் படங்களிலும் வருவது அந்த 5-ம் 6-ம் மட்டும். முறையீட்டை வெட்டிவிட்டுத் துதியை மட்டும் நீட்டினால், ஏற்கெனவே நடுங்கிக்கொண்டிருப்பவர் ‘எனக்கு இவ்வளவு விசுவாசம் இல்லையே’ என்ற பாரத்தையும் சேர்த்துச் சுமப்பார். முழுசாகப் படித்தால், முறையிடுவதும் ஜெபந்தான் என்று வேதமே இடங்கொடுப்பது தெரியும்.

பழைய மொழிபெயர்ப்பு, அச்சுப் பதிப்பு

இந்திய வேதாகமச் சங்கம் அச்சிடும் இந்தப் பதிப்பு 1871-ல் வெளியான மொழிபெயர்ப்பின் வழி வந்தது. மெதடிஸ்ட், ஆங்கிலிக்கன், லுத்தரன், பெந்தெகொஸ்தே என்று இங்குள்ள பெரும்பாலான தமிழ்ச் சபைகளின் பிரசங்க மேடையில் இருப்பது இதுதான். ‘கர்த்தர் என் மேய்ப்பராயிருக்கிறார், நான் தாழ்ச்சியடையேன்’ என்று ஞாயிறு பள்ளியில் மனப்பாடம் செய்தவருக்கு வேறு எந்த நடையும் அந்த அளவுக்கு உள்ளே இறங்காது. பயத்தில் புத்தி புதிதாக ஒன்றைக் கற்றுக்கொள்வதில்லை. ஏற்கெனவே பதிந்ததைத்தான் தேடிப் போகும். அதனால் ஐம்பது வயதைத் தாண்டியவருக்கு, ‘இந்தத் தமிழ் பழசு’ என்று சொல்லி நவீன பதிப்பை வாங்கிக் கொடுப்பது பெரும்பாலும் வீண் செலவு.

இதன் பலம் ஓசையில் இருக்கிறது. 91-ஆம் சங்கீதத்தின் 5, 6 வசனங்களை எடுத்துக்கொள்ளுங்கள்: ‘இரவில் உண்டாகும் பயங்கரத்துக்கும், பகலில் பறக்கும் அம்புக்கும், இருளில் நடமாடும் கொள்ளைநோய்க்கும், மத்தியானத்தில் பாழாக்கும் சங்காரத்துக்கும் பயப்படாதிருப்பாய்.’ நான்கு பயங்களையும் வரிசையாகப் பெயர் சொல்லி நிறுத்திவிட்டு, கடைசியில்தான் வினைச்சொல் வருகிறது. மெல்ல, சத்தமாகப் படித்தால் நான்கு இடத்தில் மூச்சு விட்டே ஆக வேண்டும். ஓடிக்கொண்டிருக்கும் மூச்சுக்கு இது நல்லது. மனதுக்குள் வேகமாக மேய்ந்தால் இந்தப் பலன் கிடையாது.

குறைகளும் உண்டு. கையடக்கப் பதிப்பின் எழுத்தை வார்டின் மங்கிய வெளிச்சத்தில் படிக்கவே முடியாது. பெரிய எழுத்துப் பதிப்பு கனம்; படுத்தபடி நெஞ்சில் வைத்துப் படிப்பது சிரமம், சொட்டு மருந்து ஏறும் கையோடு அதைத் தூக்கவும் முடியாது. சங்கீதங்களைக் கவிதை வரிகளாகப் பிரிக்காமல் உரைநடை போல இரண்டு பத்திகளில் ஓடவிட்டிருப்பதால் எங்கே நிறுத்துவது என்று கண்ணுக்குத் தெரியாது. பள்ளித் தமிழ் மட்டும் படித்து வளர்ந்த பதினைந்து வயதுப் பிள்ளை ‘சங்காரத்துக்கும்’, ‘பர்வதங்களுக்கு நேராக’ என்ற இடங்களில் நின்றுவிடும்.

இதற்கு ஒரு பென்சில் போதும். அடிக்கடி தேவைப்படும் ஐந்தாறு சங்கீதங்களில், மூச்சு விட வேண்டிய இடத்தில் சின்னதாக ஒரு சாய்கோடு போட்டு வைக்கலாம். பேனா வேண்டாம். வேதாகமத் தாள் மிக மெல்லியது. மை ஊறி மறுபக்க எழுத்தைக் கெடுக்கும். சாதாரண ஹைலைட்டரும் அப்படித்தான். ‘சேலா’ என்று வருமிடத்தில் (46-ஆம் சங்கீதத்தில் மூன்று முறை வரும்) அதை வாசிக்காமல் ஒரு கணம் நிறுத்திப் போகலாம். அது வாக்கியத்தின் பகுதி இல்லை; அதற்கு என்ன பொருள் என்பதில் அறிஞர்களுக்கே ஒருமித்த கருத்து கிடையாது.

கத்தோலிக்க வீடுகளுக்கு: பொது மொழிபெயர்ப்பு

1995-ல் வந்த திருவிவிலியம், பொது மொழிபெயர்ப்பு. புராட்டஸ்டண்ட் பதிப்புகளில் இல்லாத இணைத் திருமுறை நூல்களோடு சேர்த்துக் கத்தோலிக்கப் பதிப்பில் 73 நூல்கள். 1888-ல் திறக்கப்பட்ட ஓஃபிர் ரோடு லூர்து மாதா ஆலயத்தில் தமிழ்த் திருப்பலி கேட்டு வளர்ந்தவருக்குக் கர்த்தர், தேவன் என்ற சொற்களை விட ஆண்டவர், கடவுள் என்பவையே பழக்கம். ‘ஆண்டவரே என் ஆயர், எனக்கேதும் குறையில்லை’ என்பது சின்ன வாக்கியம், நேரடி. சங்கீதங்கள், அதாவது இந்தப் பதிப்பில் திருப்பாடல்கள், கவிதை வரிகளாக அச்சிடப்பட்டிருக்கின்றன. இன்றைய தமிழ் படிக்கும் பிள்ளைக்கும் தடுமாற்றம் குறைவு. வாய்விட்டுப் படிப்பதற்கு, மனப்பாடம் எதுவும் இல்லாமல் புதிதாகத் தொடங்குபவருக்கு, சபை வித்தியாசம் பாராமல் இதையே முதலில் வைக்கலாம். புராட்டஸ்டண்ட் வீடுகளில் இதைத் தொடவே தயங்குவது அவசியமற்ற கூச்சம்.

கத்தோலிக்கருக்கு இன்னொரு வசதி, எதை எப்போது படிப்பது என்று திருச்சபையே வகுத்து வைத்திருக்கிறது. திருப்புகழ்மாலை என்ற திருச்சபையின் தினசரி ஜெபத் தொகுப்பின் இரவு மன்றாட்டில் ஞாயிறன்று 91, சனிக்கிழமை 4-ம் 134-ம், வெள்ளிக்கிழமை 88. இந்த 88 முக்கியம். மற்ற முறையீட்டுப் பாடல்கள் பெரும்பாலும் கடைசியில் நன்றிக்குத் திரும்பும். இது திரும்புவதில்லை, 18 வசனமும் இருட்டிலேயே முடிகிறது. வாரம் ஒரு தடவை தூங்கும் முன் அதைப் படிக்கச் சொல்வது, விடை கிடைக்காத ராத்திரிகளும் விசுவாச வாழ்வில் அடங்கும் என்ற ஒப்புதல். பழைய கத்தோலிக்கப் பதிப்புகளை வைத்திருப்போர் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: அவற்றில் சங்கீத எண் பெரும்பாலும் ஒன்று குறைவாக இருக்கும். 91-ஐத் தேடினால் 90-ல் கிடைக்கும்.

எளிய பதிப்பும் இருமொழிப் பதிப்பும்

எளிதாக வாசிக்கும் பதிப்பு நீண்ட வாக்கியங்களை உடைத்துச் சின்னச் சின்னதாகப் போடுகிறது. நிருபங்கள் எனப்படும் கடிதங்களுக்கு, முக்கியமாகப் பவுலின் மூச்சுமுட்டும் வாக்கியங்களுக்கு, இது பெரிய உதவி. சங்கீதத்துக்கு அவ்வளவு பொருந்தவில்லை. பொருள் புரிகிறது, ஆனால் ஜெபிக்கும்போது செய்தி வாசிப்பதைப் போல இருக்கிறது. இந்தியத் திருத்திய பதிப்பு பழைய மொழிபெயர்ப்பின் சாயலை வைத்துக்கொண்டு தமிழை இன்றைக்கு நெருக்கமாக்குகிறது. அப்பா பழைய பதிப்பிலும் மகள் இதிலும் பார்த்துக்கொண்டு ஒன்றாகப் படித்தால் பெரிய முரண் தெரியாது. இரண்டும் கைத்தொலைபேசியில் சுலபமாகக் கிடைக்கும்.

ஒரு பக்கம் தமிழும் மறுபக்கம் ஆங்கிலமும் உள்ள இருமொழி வேதாகமத்தைத் திடப்படுத்தல் ஆராதனைக்குப் பரிசாக வாங்கிக் கொடுக்கும் வழக்கம் இருக்கிறது. படிப்புக்கு நல்லது. பயந்த நேரத்துக்கு அவ்வளவு நல்லதில்லை. எழுத்து சிறிது, புத்தகம் கனம். பழைய தமிழ்ப் பதிப்போடு நவீன ஆங்கிலப் பதிப்பைச் சேர்த்து அச்சிட்டிருந்தால் வசன எண்ணிக்கையும் சில இடங்களில் ஒத்துவராது. மத்தேயு 17:21 தமிழில் இருக்கும்; பல நவீன ஆங்கிலப் பதிப்புகளில் அடிக்குறிப்பில்தான் இருக்கும். மூலக் கையெழுத்துப் பிரதிகளில் உள்ள வேறுபாடே காரணம் என்று கொடுக்கும்போதே சொல்லிவிட்டால், பின்னால் ‘வசனத்தைத் திருடிவிட்டார்கள்’ என்ற வாட்ஸ்அப் வதந்திக்கு அந்தப் பிள்ளை பயப்படாது.

யூவெர்ஷன் செயலி

2008-ல் அமெரிக்காவின் ஓக்லஹோமாவிலுள்ள லைஃப் சர்ச் என்ற சபை வெளியிட்ட வேதாகமச் செயலி. இலவசம், விளம்பரம் கிடையாது. விளம்பரம் இல்லை என்பதைச் சின்ன விஷயமாக நினைக்க வேண்டாம். தமிழ் வேதாகமம் என்ற பெயரில் செயலிக் கடைகளில் கிடைக்கும் பலவற்றில் அதிகாரத்துக்கு அதிகாரம் விளம்பரம் குதிக்கும். கடன் தொல்லையில் தூக்கம் வராமல் 42-ஆம் சங்கீதத்தைத் திறப்பவருக்கு உடனடிக் கடன் விளம்பரம் காட்டும் செயலியை அன்றே நீக்கிவிடுவது நல்லது.

அமைப்பதற்குப் பத்து நிமிடம் ஆகும். பகலில், பயமில்லாத நேரத்தில் செய்து வையுங்கள். முகப்புப் பக்கத்தில் நிற்காமல் வேதாகமப் பகுதிக்குப் போங்கள். மேலே அதிகாரத்தின் பெயருக்குப் பக்கத்தில் பதிப்பின் சுருக்கப் பெயர் இருக்கும். அதைத் தொட்டு மொழியைத் தமிழாக மாற்றினால் பதிப்புகளின் பட்டியல் வரும். வேண்டியதைத் தேர்ந்தெடுத்துப் பதிவிறக்குங்கள். அதற்குக் கணக்கு ஒன்று திறக்க வேண்டியிருக்கும். பிறகு எழுத்தைப் பெரிதாக்கி, வரி இடைவெளியைக் கூட்டி, பின்னணியைக் கறுப்பாக்குங்கள். வார்டில் வெள்ளைத் திரை பக்கத்துக் கட்டில்காரரை எழுப்பிவிடும்.

இவ்வளவும் செய்துவிட்டு விமானப் பயன்முறையைப் போட்டு 88-ஆம் சங்கீதம் திறக்கிறதா என்று பாருங்கள். பலர் இங்கேதான் கோட்டை விடுகிறார்கள். முன்பு ஒருமுறை இணையத்தில் திறந்து பார்த்த அதிகாரம் மட்டும் நினைவில் தங்கி, ‘பதிவிறக்கிவிட்டோம்’ என்ற எண்ணத்தைக் கொடுத்திருக்கும். எழுத்தைப் பதிவிறக்கினால் ஒலி சேர்ந்து வராது. ஒலிக்கு இணையம் வேண்டும். எல்லாத் தமிழ்ப் பதிப்புகளுக்கும் ஒலிவடிவம் கிடையாது. ஒலிபெருக்கிக் குறி தெரிந்தால்தான் உண்டு. விடுதியில் இருப்பவருக்கும் கண் சோர்ந்த முதியவருக்கும் ஒலிவடிவம் பேருதவி, ஆனால் தூங்க வைக்கும் நேரக்கட்டுப்பாட்டைப் போட மறந்தால் சங்கீதத்தில் தொடங்கி நீதிமொழிகள் வரை விடிய விடிய ஓடும்.

அடுத்து, அறிவிப்புகள். தினசரி வசனம், நண்பர்களின் செயல்பாடு, தொடர்ச்சியாக எத்தனை நாள் திறந்தீர்கள் என்ற கணக்கு, இவற்றை அணைத்துவிடலாம். ஒரு நாள் தவறினால் எண்ணிக்கை பூஜ்யத்துக்குப் போவது, மனம் சோர்ந்திருப்பவருக்குத் தேவையில்லாத குற்ற உணர்ச்சி. ‘கவலை’, ‘பயம்’ என்ற தலைப்புகளில் வாசிப்புத் திட்டங்கள் ஏராளம். தரம் ஏற்ற இறக்கமாக இருக்கிறது. ஐந்து நிமிடக் கட்டுரைக்கு நடுவே ஒன்றரை வசனம் கொடுக்கும் திட்டங்களை விட நேராகச் சங்கீதத்துக்குப் போவதே மேல்.

செயலியின் பெரிய குறை, அது கைத்தொலைபேசியில் இருப்பதுதான். வசனம் பார்க்க எடுத்த கை, அடுத்த நொடி செய்திகளுக்குப் போய்விடும். 2020-ல் ஏப்ரல் 7 முதல் ஜூன் 1 வரை கொவிட் கிருமிப்பரவல் முறியடிப்புக் காலத்தில், ஆலயக் கதவுகள் மூடியிருந்தபோது, விடுதிகளில் அடைபட்டிருந்த ஊழியர்களுக்குத் தொலைபேசியை விட்டால் வேறு வழியில்லை. அந்த மாதிரி நேரத்துக்குச் செயலி இன்றியமையாதது. மற்ற நேரத்தில், படுக்கையருகே அச்சுப் புத்தகமோ ஒரு காகித அட்டையோ இருந்தால் தொலைபேசியை வேறு அறையில் வைக்க முடியும்.

வாக்குத்தத்த அட்டை

டிசம்பர் 31 இரவு ஆராதனை முடிந்து கையில் கிடைக்கும், தேவன் தரும் வாக்குறுதியாக ஒரே ஒரு வசனம் அச்சிட்ட அட்டை, மேசைமேல் வைக்கும் வாக்குத்தத்தப் பெட்டி, தினமும் காலையில் வந்து விழும் பூப்படத்து வசனம், எல்லாம் ஒரே குடும்பம். அன்பாகக் கொடுக்கப்படுபவை என்பதில் சந்தேகமில்லை. ஆனால் பயமான காலத்துக்கு இவற்றையே முதன்மைத் துணையாக நம்பினால் ஏமாற்றம் வரும்.

எரேமியா 29:11 நல்ல உதாரணம். ‘அவைகள் தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகளே’ என்ற வரி அட்டையில் அழகாக இருக்கும். அது பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போனவர்களுக்கு எழுதிய கடிதத்தின் நடுப்பகுதி. முந்தின வசனம் எழுபது வருஷம் என்கிறது. 5-ஆம் வசனம் அங்கேயே வீடு கட்டு, தோட்டம் போடு என்கிறது. முந்தின அதிகாரத்தில் அனனியா என்பவன் இரண்டே வருஷத்தில் எல்லாம் திரும்பி வரும் என்று சொல்லிக் கைதட்டல் வாங்கப் பார்க்கிறான். அவனைப் பொய்த் தீர்க்கதரிசி என்கிறது வேதம். 11-ஐ மட்டும் வெட்டி எடுத்து ‘இந்த வருஷம் வேலை கிடைக்கும்’ என்று படிப்பவர், தெரியாமலே எரேமியாவை விட்டுவிட்டு அனனியா பக்கம் சாய்கிறார். டிசம்பரில் வேலை கிடைக்காவிட்டால் அவர் சந்தேகப்படுவது அட்டையை அல்ல, தேவனை. முழு அதிகாரத்தையும் படித்தவருக்கு வேறு பிடிமானம் கிடைக்கும்: காத்திருப்பு நீளலாம், அதற்குள்ளும் சமைக்கலாம், நடலாம், பிள்ளைகளை வளர்க்கலாம்.

91-ஆம் சங்கீதத்தையும் இப்படித்தான் வெட்டுகிறார்கள். தூதர்கள் கைகளில் ஏந்துவார்கள் என்ற 11, 12 வசனங்களை இயேசுவிடம் மேற்கோள் காட்டியவன் பிசாசு (மத்தேயு 4:6). பாதுகாப்பு இருக்கிறதே, குதித்துப் பார் என்ற அர்த்தத்தில் காட்டினான், இயேசு மறுத்தார். கொள்ளைநோய்க் காலத்தில் இந்தச் சங்கீதத்தைக் கதவில் ஒட்டி, முகக்கவசம் வேண்டாம், மருந்து வேண்டாம் என்று சொல்வது அதே வாசிப்புதான். இன்னொன்று, வேதாகமத்தில் ‘பயப்படாதே’ 365 முறை வருகிறது, நாளுக்கு ஒன்று என்ற அட்டை. செயலியின் தேடலில் தமிழில் போட்டுப் பாருங்கள். அந்தக் கணக்கு வராது. உண்மை இல்லாத தகவலில் விசுவாசத்தைச் சாய்த்து வைக்க வேண்டியதில்லை.

வீட்டில் ஏற்கெனவே அட்டை இருந்தால் தூக்கிப்போட வேண்டாம். பின்பக்கம் அதிகார எண்ணை எழுதி, அந்த அதிகாரத்தை முழுசாகப் படித்துவிட்டு மேசையில் வையுங்கள்.

கடையில் கிடைக்காதது, நாமே செய்வது

மேலே உள்ள எல்லாவற்றையும் விட அந்த 3 மணிக்கு நன்றாக வேலை செய்வது கையால் எழுதிய ஒரு அட்டை. உள்ளங்கை அளவு கெட்டி அட்டை, கறுப்பு மை, பெரிய எழுத்து. ஒரு பக்கம் 13-ஆம் சங்கீதம் முழுவதும், மறுபக்கம் 121 (எட்டு வசனம்) முழுவதும். அச்சில் உள்ளபடி எழுதாமல், மூச்சு விடும் இடந்தோறும் புது வரி போடுங்கள். 13-ஐ ஆற அமர வாசித்தால் ஒரு நிமிடம் ஆகும். ஒரு வாரம் இருவேளை வாசித்தால் பாதி மனதில் ஏறிவிடும். ஸ்கேன் அறைக்குள் தொலைபேசியும் கொண்டுபோக முடியாது, அட்டையும் கொண்டுபோக முடியாது. மனப்பாடந்தான் கூட வரும். அந்த இடத்துக்குச் சங்கீதம் 4:8 போன்ற குட்டி வசனமும் 56:3-ம் சரி: ‘நான் பயப்படுகிற நாளில் உம்மை நம்புவேன்.’ பயமே இல்லை என்று இது பாசாங்கு செய்வதில்லை.

வாரக்கணக்கில் நீளும் கவலைக்கு ஆங்கிலிக்கன் ஜெபப் புத்தகத்தின் பழைய முறை கைகொடுக்கும்: 150 சங்கீதங்களையும் காலை மாலையாகப் பிரித்து 30 நாளில் முடிப்பது. கணக்காகப் பார்த்தால் நாளுக்கு ஐந்து. 119 வரும்போது மட்டும் நாட்கணக்கு இழுக்கும். மனநிலைக்கு ஏற்ற சங்கீதத்தைத் தேடித் தேடிப் பிடிக்கும் வேலை மிச்சம். இன்று எது வரிசையில் இருக்கிறதோ அது. வேலைக்குப் போய் வருபவருக்கு ஐந்து அதிகம் என்றால் இரண்டு போதும், ஆனால் வரிசையை மாற்ற வேண்டாம். பிடித்ததை மட்டும் பொறுக்கினால் பழையபடி வாக்குத்தத்தப் பெட்டிக்கே வந்து நிற்போம்.

இந்தப் பொருள்கள் எதுவும் செய்யாத வேலை ஒன்று உண்டு. நெஞ்சு வலி, மூச்சுத் திணறல் வந்தால் முதலில் ஆம்புலன்சுக்கு 995. இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கமில்லை, சாப்பாடு இறங்கவில்லை என்றால் மருத்துவரைப் பார்க்க வேண்டும். உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் எட்டிப் பார்த்தால் 1767-ஐ எந்நேரமும் அழைக்கலாம். மனநல உதவிக்கு 1771-ம் இருக்கிறது. இதை விசுவாசக் குறைவு என்று சபையில் யாராவது சொன்னால், 1 இராஜாக்கள் 19-ஐக் காட்டுங்கள். சாக வேண்டும் என்று சூரைச்செடியின்கீழ் படுத்த எலியாவுக்கு தூதன் முதலில் கொடுத்தது தழலில் சுட்ட அடையும் தண்ணீரும். அதுவும் இரண்டு தடவை, நடுவே தூக்கம். பிரசங்கம் எதுவும் அங்கே நடக்கவில்லை.

வாங்குவதைப் பற்றி: ஆர்மீனியன் ஸ்திரீட் 7-ஆம் எண்ணில் உள்ள பைபிள் ஹவுஸ், சிங்கப்பூர் வேதாகமச் சங்கத்தின் இடம். தமிழில் எல்லா அளவும் எப்போதும் கையிருப்பில் இருக்கும் என்று எதிர்பார்க்காமல், போவதற்கு முன் கேட்டுக்கொள்ளுங்கள். கையில் எடுத்ததும் முன்பக்கத்தைப் பார்க்காமல் நேராக 91-ஐத் திறந்து, கண்ணாடியைக் கழற்றிவிட்டு ஒரு கை தூரத்தில் பிடித்துப் படித்துப் பாருங்கள். எழுத்து தெரியவில்லை என்றால் அடுத்த அளவு. மறுபக்க எழுத்து நிழலாகத் தெரிந்து கண்ணைக் குழப்பினால் வேறு அச்சு. மேசைமேல் விரித்து வைத்துக் கையை எடுங்கள். தானாக மூடிக்கொள்ளும் புத்தகம் வார்டுக்கு ஆகாது. நோயாளிக்குப் பரிசாக வாங்குவதென்றால் 13, 42, 88, 91, 121 ஆகிய ஐந்து இடங்களிலும் காகித நாடா வைத்துக் கொடுங்கள். உள்ளட்டையில் வசனம் எழுதுவதை விட, எந்த நாடா எந்த நேரத்துக்கு என்று இரண்டு வரி எழுதிவிட்டால் வாங்கிக்கொள்பவருக்குத் தேடும் வேலை இருக்காது.